சுவேதகேது மீண்டும் கேட்டான்

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. வேதாந்த வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டாயாம். சிரத்தை, அதாவது சாஸ்திரத்தில் நம்பிக்கை, இருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றாது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்களாம். "இது எனக்குச் சரிப்படாது போலிருக்கிறது அம்மா" என்றாய். அதற்கான பதிலைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் 6-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள். 'தத் த்வம் அஸி', அதாவது 'நீ அதுவாக இருக்கிறாய்' என்ற வாக்கியம் வருவது அங்கேதான். உன் வகுப்பிலும் இதைப் பலமுறை சொல்லியிருப்பார்கள். ஆனால் அது யார் யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்பதைச் சொன்னார்களா? அப்பா மகனிடம் சொன்னது. சுவேதகேது 12 வயதில் குருகுலம் போய், 24 வயதில் வேதங்களையெல்லாம் கற்றுத் தலைநிமிர்ந்து கர்வத்தோடு வீடு திரும்புகிறான். எதை அறிந்தால் கேட்காததும் கேட்டதாகுமோ, அதைப் பற்றி உன் ஆசிரியர்களிடம் விசாரித்தாயா என்று அப்பா உத்தாலகர் கேட்கிறார். அவர்களுக்கு அது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் எனக்கு ஏன் சொல்லாமல் விடுவார்கள், நீங்களே சொல்லுங்கள் என்கிறான் மகன். உபதேசமே ஒரு கேள்வியில்தான் பிறக்கிறது.

அத்தியாயத்தின் 8-ஆம் கண்டத்தில், அதாவது 8-ஆம் பகுதியில், அந்த மகாவாக்கியம் முதன்முதலாக வருகிறது. மகன் அதைக் கேட்டு மெய்சிலிர்த்துக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இன்னும் எனக்கு விளக்குங்கள் என்கிறான். தேனீ சேர்த்த தேனைச் சொல்லி அப்பா விளக்குகிறார். அதே வாக்கியத்தில் முடிக்கிறார். மகன் மறுபடியும், இன்னும் விளக்குங்கள் என்கிறான். ஆறுகள், மரம், ஆலம்பழத்து விதை, தண்ணீரில் கரைத்த உப்பு என்று போய், 16-ஆம் கண்டம் முடிவதற்குள் அந்த வாக்கியம் ஒன்பது முறை வந்துவிடுகிறது.

மூலத்தை மட்டும் படித்தால், பையன் ஏன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்று சலிப்புத் தட்டும். சங்கரர் எழுதிய உரையான பாஷ்யத்தோடு படி. இன்னும் விளக்குங்கள் என்ற ஒவ்வோர் இடத்திலும், அவன் மனத்தில் இருந்த சந்தேகம் இன்னது என்று சங்கரர் எடுத்து வைக்கிறார். ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. தினமும் தூக்கத்தில் எல்லா உயிர்களும் சத்தை, அதாவது எல்லாவற்றுக்கும் மூலமான மெய்ப்பொருளை, அடைகின்றன என்றால், அடைந்தோம் என்று ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை? தேன் அதற்கு விடை. சரி, தன் வீட்டில் தூங்கி எழுந்து வேறு ஊருக்குப் போனவனுக்கு வீட்டிலிருந்து வந்தோம் என்று தெரிகிறதே, சத்திலிருந்து வந்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை? ஆறுகள் அதற்கு. அலையும் நுரையும் நீரில் கலந்தால் அழிந்துபோகின்றன. சத்தில் கலக்கும் ஜீவன் மட்டும் ஏன் அழியவில்லை? மரம் அதற்கு. நீ வகுப்பில் கேட்டது ஏறக்குறைய இந்த மூன்றாவது கேள்விதான். பாஷ்யகாரரே சுவேதகேதுவின் சார்பில் கேட்டுவைத்த கேள்வியை நீ கேட்டதற்கு உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

சிரத்தை என்ற சொல் அந்த அத்தியாயத்தில் இல்லாமல் இல்லை. ஆலம்பழத்தைப் பிளந்து, விதையையும் பிளந்து, உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்று மகன் சொல்லும் இடத்தில்தான், சிரத்தை கொள் என்கிறார் உத்தாலகர். அங்கே சங்கரர் என்ன சொல்கிறார் என்று கவனி. சாஸ்திரத்தாலும் யுக்தியாலும், அதாவது தர்க்கத்தாலும், தீர்மானமான பொருளே ஆனாலும், மிக நுண்ணிய விஷயத்தில், வெளிப்பொருள்களிலேயே பழகிய மனத்துக்குச் சிரத்தை இல்லாமல் அது பிடிபடாது. சிரத்தை இருந்தால், அறிய விரும்பும் பொருளில் மனம் நிலைத்து நிற்கும். யுக்தியை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு சுவேதகேது செய்வது என்ன? இன்னும் விளக்குங்கள் என்று அடுத்த சந்தேகத்தைக் கேட்கிறான். அப்பா கோபிக்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்று உப்பைத் தண்ணீரில் போடச் சொல்கிறார்.

நம் தமிழ் வழியிலும் இதே நேர்மை உண்டு. உன் தாத்தா கோவிலூர் மடத்து வழியில் வேதாந்தம் படித்தவர். அவர் மனப்பாடமாகச் சொல்லும் கைவல்ய நவநீதத்தில் இரண்டே படலங்கள்: தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதற் படலம். தத்துவத்தை விளக்கியாயிற்று என்று தாண்டவராய சுவாமிகள் நூலை முடித்துவிடவில்லை. மாணவனின் சந்தேகங்களுக்கென்றே ஒரு படலம் வைத்தார். ஜீவனும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதத்தை ஏற்காதவர்களிடமும் இதைப் பார்க்கலாம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் முதலில் வைத்தது பரபக்கம். மாயாவாதி மதம் என்று அவர் சொல்லும் அத்வைதம் உட்பட மாற்றார் கொள்கைகளைச் சொல்லி, மறுத்து, பிறகே தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறார். ராமாநுஜர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திரத்திலேயே அத்வைதியின் தரப்பை அவ்வளவு விரிவாக எடுத்து வைக்கிறார். பின்னாளில் அதையும் படி. எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிட்டுப் பேசுகிறவரை நம்பிப் படிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

உன் இன்னொரு கேள்விக்கு வருகிறேன். அறிந்தவரும் அறியாதவரும் ஒரே மாதிரிதானே சாகிறார்கள், நான் தினமும் பார்க்கிறேனே என்றாய். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் உனக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? 15-ஆம் கண்டத்தைப் படித்தால் உன் வார்டையே பார்ப்பாய். நோயாளியைச் சுற்றி உறவினர்கள் உட்கார்ந்து, என்னைத் தெரிகிறதா, என்னைத் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். பேச்சு மனத்தில் ஒடுங்குகிறது, மனம் பிராணனில், பிராணன் வெப்பத்தில், வெப்பம் பரதேவதையில், அதாவது அந்தச் சத்தில். அதுவரை அவருக்குத் தெரிகிறது, பிறகு தெரிவதில்லை. இந்த வரிசை ஞானிக்கும் மற்றவருக்கும் ஒன்றுதான். அதனால்தான் அடுத்த சந்தேகத்தை, இருவரும் ஒரே சத்தைத்தான் அடைகிறார்கள் என்றால் ஒருவர் ஏன் திரும்பி வருகிறார், இன்னொருவர் ஏன் வருவதில்லை என்று சங்கரர் வைக்கிறார். உன் கேள்வியேதான் இது.

விடையாக உபநிடதம் பழுக்கக் காய்ச்சிய கோடரியைச் சொல்கிறது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட இருவர் அதைப் பிடிக்கிறார்கள். பொய் சொன்னவன் கை வேகிறது, உண்மை சொன்னவன் கை வேகவில்லை. கோடரி உண்மையாளனைச் சுடாது என்பதை நீ ஒப்ப மாட்டாய்; நானும் ஒப்பவில்லை. எடுத்துக்காட்டு எந்த இடத்தைத் தொடுகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்: தொடுகை இருவருக்கும் சமம், வேறுபாடு அவர்கள் எதைப் பற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதில் இருக்கிறது. இது உனக்குப் போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போதவில்லை என்றால் அதே கண்டத்தின் பாஷ்யத்தில் இன்னும் கொஞ்சம் போ. சிலையில் விஷ்ணு என்று பாவிப்பதுபோல இந்த மகாவாக்கியமும் ஒரு பாவனைதானே, அல்லது வெறும் புகழ்ச்சிதானே என்ற ஆட்சேபங்களைச் சங்கரர் அங்கே நீளமாக எடுத்துப் பேசுகிறார். சோர்வாக இருக்கும் நாளில் அதைத் தொடாதே. விடுமுறை நாளின் காலையில் படி.

படிக்கும் முறை ஒன்று சொல்கிறேன். சுருக்கங்களைக் கேட்பதைச் சில மாதங்களுக்கு நிறுத்து. பிரம்ம சூத்திரத்துக்கு இப்போது அவசரமில்லை. வாரத்துக்கு ஒரு கண்டம் போதும். முதலில் மூலத்தை வாய்விட்டுப் படி, பிறகு பாஷ்யம். ஆட்சேபம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நீயாக இருந்தால் என்ன விடை சொல்வாய் என்று ஒரு தாளில் எழுது. அதன் பிறகு சங்கரரின் விடையைப் படி. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உன் பாடம். நல்ல ஆசிரியரும் வேண்டும். 14-ஆம் கண்டமே ஆசாரியரை உடையவன் அறிகிறான் என்கிறது. அங்கே உவமையாக வரும், கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்ட காந்தார நாட்டுக்காரனும், கட்டை அவிழ்த்து ஒருவர் திசை காட்டிய பிறகு, ஊர் ஊராக விசாரித்துக்கொண்டுதான் போய்ச் சேருகிறான். விசாரிக்க விடாதவரிடம் உனக்கு என்ன வேலை? அந்த வகுப்பை விட்டுவிடு, உபநிடதத்தை விடாதே.

எனக்குப் பாடம் சொன்னவரிடம் உன்னைப் பற்றிப் பேசினேன். ஞாயிறு மாலைகளில் தொலைபேசியில் உன்னோடு படிக்கச் சம்மதித்திருக்கிறார். உன் இரவுப் பணி அட்டவணையை அனுப்பு, அதற்கேற்ப நேரம் கேட்டு வைக்கிறேன். சாந்தோக்கியத்தின் பாஷ்யமும் மொழிபெயர்ப்பும் திங்கட்கிழமை கூரியரில் வரும். தாத்தாவின் கைவல்ய நவநீதத்தையும் வைத்திருக்கிறேன். தாள் நொறுங்குகிறது, பார்த்துத் திருப்பு. 8-ஆம் கண்டத்தைப் படித்ததும் உனக்கு எழும் சந்தேகங்களையெல்லாம் எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா