பெண்கடலில் ஒரு ஏரி

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் நமக்குள் எதற்கு. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடாததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். இந்த மூன்று வாரமும் நான் என் சொந்தக் கட்டிலில் படுக்கவில்லை என்று சொன்னால் போதும், உனக்குப் புரிந்துவிடும். பள்ளிக்கூட லீவு. கோயம்புத்தூர் சித்தப்பா குடும்பம், திருப்பூர் தங்கச்சி குடும்பம், சிவகங்கை அத்தை, அத்தையின் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு (ஏன் வந்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, தங்கமான பிள்ளைகள்), எங்கள் வீட்டு ஆட்கள் என்று மொத்தம் 23 பேர். பாத்ரூம் ஒன்று. விடியற்காலை ஐந்து மணிக்கே வாளியை வைத்து இடம் பிடித்தார்கள், ரேஷன் கடையில் பையை வைப்பார்களே, அது மாதிரி.

முட்டி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். சரி, போடு, ஆனால் அதைச் சாக்காக வைத்து ஊருக்கு வராமல் இருக்காதே. பாம்பனில் புதுப் பாலம் வந்து ரயில் ராமேஸ்வரம் வரைக்கும் ஓடுகிறது. 2022 டிசம்பரில் நின்றது, 2025 ஏப்ரலில்தான் திரும்ப ஓட ஆரம்பித்தது. இடையில் மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறவேண்டியிருந்ததே, அந்தப் பாடு இனி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும், எதற்கும் ஒரு நோட்டுப் போடுகிற ஆள். ரிட்டயர் ஆனபிறகு நோட்டு தடித்துவிட்டது. வந்த மறுநாளே எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, "இந்தத் தடவை குடும்பத்தோட ஒரு நாள் ஏரிக்கரையில இருக்கப் போறோம்" என்று அறிவித்தார். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிவந்த ஆசை இன்னும் போகவில்லை. நீ மதுராந்தகம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு ஏரி ஏரி என்பாய், அதில் அர்த்தம் இருக்கிறது. நமக்கு ஏரி ஏது? கண்மாய், ஊருணி, அவ்வளவுதானே. அதைச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான்டா, தண்ணிதானே" என்றார். அம்மா மட்டும் வெற்றிலையை இடித்துக்கொண்டே, "தம்பி, மாசி தாண்டுனா கண்மாய்ல ஏதுப்பா தண்ணி" என்றாள். மதினி சொல்வதை அவர் 40 வருஷமாகக் கேட்டதில்லை, இப்போது கேட்பதற்கு என்ன வந்தது.

எந்தக் கண்மாய் என்று அடுத்த பேச்சு. பக்கத்தில் சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது, அங்கே போயிருந்தால் பத்து நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். சித்தப்பாவுக்கு அது சின்னதாம். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய்தான் வேண்டும் என்றார். நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்று நம் தமிழ் வாத்தியார் சொல்வாரே, ஒரே மூச்சில் நாரையால்கூடத் தாண்ட முடியாத அகலம் என்று, அதைப் பிள்ளைகளுக்கு விளக்கி விளக்கி அவர்கள் கண்ணில் கடலையே காட்டிவிட்டார்.

நோட்டில் புறப்பாடு ஆறு மணி. கிளம்பும்போது எட்டரை. 18 பேர் உட்காரும் வேனில் 23 பேர், புளியோதரை அண்டா, தயிர்சாத வாளி, முண்டு மிளகாய்த் துவையல் ஒரு தூக்குச்சட்டி நிறைய (தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு வேன் ஜன்னலில் தலையை நீட்டியவர்தான், ரொம்ப நேரம் உள்ளே இழுக்கவில்லை), பாய் ஆறு, நுங்கு ஒரு சாக்கு, டிரைவரிடம் கேட்டு வாங்கிய லாரி டியூப் ஒன்று. டியூப் சித்தப்பாவுக்கு. நீச்சல் தெரியாது, ஆனால் ஏரியில் மிதக்கவேண்டுமாம்.

கரைமேல் ஏறி வேன் நின்றது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றிக்கொண்டு குதித்தன. அப்படியே நின்றுவிட்டன. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெடித்த களிமண், கருவேலமுள், நடுவில் நூறு ஆடு. அந்தப்பக்கம் நாலு பையன்கள் குச்சி நட்டு கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாரை ஒன்றைக் காணோம், இருந்திருந்தால் நடந்தே தாண்டியிருக்கும். சித்தப்பா நோட்டைத் திறந்து பார்த்தார், அதில் தண்ணீர் எழுதியிருக்கிறதா என்று பார்த்ததுபோல் இருந்தது. அம்மா வேனைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் சித்தப்பாவுக்கு ரொம்ப உறைத்தது.

எனக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது மாப்ளே. வற்றிய கண்மாயைப் பார்த்ததும் நாம் ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் மீன் பிடிக்க ஓடியதும், உன் ஊத்தாவுக்குள் தண்ணீர்ப் பாம்பு மாட்டி நீ ஊத்தாவைப் போட்டுவிட்டு ஓடியதும் ஞாபகம் வந்தது. பிள்ளைகளிடம் சொன்னேன். "இங்கயா மீனா?" என்று என்னைப் பொய்யன் மாதிரிப் பார்த்தார்கள்.

டிரைவர்தான் காப்பாற்றினார். "ஐயா, உங்களுக்கு அலையில்லாத தண்ணி வேணும், அம்புட்டுத்தான? இப்பக் கச்சான் காத்து அடிக்குது. ஆண்கடல் பக்கம் போனா தூக்கி எறிஞ்சுரும். பெண்கடல் குளம் மாதிரி கெடக்கும். அரியமானுக்கு விடுறேன்" என்றார். கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்குக் கடலில் ஆண் பெண் உண்டு என்பது புதுசு. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணை பெண்கடல், இப்போது அது ஆடும் இது அடங்கும், வாடைக் காற்று காலத்தில் அப்படியே தலைகீழ் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். பெண்கடல் வாடையில் ஆடுவதை யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று மச்சான் கேட்டார். அவர் வீட்டுக்காரி பார்த்த பார்வையில் உச்சிப்புளி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

அரியமான் போய்ச்சேர பதினொன்றரை. உச்சி வெயில். ஆனால் சவுக்குத் தோப்பு நிழலும் காற்றும் இருந்ததால் தப்பித்தோம். கடலைப் பார்த்து சித்தப்பா, "நான் சொன்ன ஏரி இதுதான்" என்றார். மனுஷனை என்ன செய்ய முடியும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, புளியோதரையில் பாதி மணல். காகிதத் தட்டுகள் காற்றில் கடலைப் பார்த்துப் பறந்தன, பிள்ளைகள் விரட்டிப் பிடித்தன. நுங்குதான் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது. அத்தைக்கு மீன் இல்லாமல் இறங்காது. விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன்தான், அது விலை ஏறித்தான் இருக்கும் என்று சொன்னால் கேட்டால்தானே. கூடையில் நகரை மீன் கொண்டுவந்த அம்மாளிடம் போய் பாதி விலைக்குக் கேட்டார். அந்த அம்மாள் கடலைக் கைகாட்டி, "இந்த வெலைக்கு நீயே எறங்கிப் புடிச்சுக்கத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அப்புறம் மச்சான் பின்னாலேயே ஓடிப்போய் சொன்ன விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கிவந்தார், அதை அத்தைக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

குளிக்க இறங்கினோம். அந்தக் கடல் எப்படி என்று உனக்குத் தெரியும், நடந்துகொண்டே இருக்கலாம், முட்டிக்கு மேல் ஏறவே யோசிக்கும். பெரியம்மா காலில் ஏதோ சுற்றி, "ஆத்தீ, ஆவுளியா!" என்று அலறிவிட்டார்கள். ஆவுளியா என்கிற கடற்பசு தின்கிற புல்தான் அது, பசு இல்லை.

இந்தக் கூத்தில் சித்தப்பாவை யாரும் கவனிக்கவில்லை. டியூப் நடுவில் பின்பக்கத்தைச் சொருகி, காலையும் கையையும் வெளியே போட்டு, முகத்தில் துண்டைப் போட்டு மிதந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கியும்விட்டார். கண்விழித்துத் துண்டை எடுத்தபோது கரை எங்கேயோ இருந்திருக்கிறது. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்து அண்ணன் பெயரை, உயிரோடு இல்லாத எங்கள் அப்பாவை. அதற்கடுத்து குலதெய்வத்தை. நாங்கள் ஓடினோம். ஓடினோம் என்றால் தண்ணீருக்குள் ஓட வருமா, வயல் வரப்பில் வழுக்கிவிழுகிற மாதிரி விழுந்து எழுந்து போனோம். எங்களுக்கு முன்னால் அந்தச் சம்பந்தி வீட்டுச் சின்னப்பயல், எட்டு வயசுதான் இருக்கும், போய்விட்டான். போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு நிதானமாகச் சொன்னான்: "தாத்தா, எந்திரிச்சு நில்லுங்க."

எழுந்து நிற்க முடிந்தால்தானே, டியூப்பில் சிக்கிக்கொண்டார். மூன்று பேர் பிடித்து உருவினோம். நின்றார். தண்ணீர் இடுப்புக்கு.

சிரித்தது போதும் என்று கரைக்கு வந்தபிறகு எனக்கு வயிற்றைக் கலக்கியது. கச்சான் தெற்கும் மேற்குமாகக் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது, அதனால்தான் பெண்கடலில் அலை எழும்பவில்லை, அதனாலேயே மிதக்கிறது எதுவானாலும் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தட்டுகள் பறந்த பக்கம்தான் அவரும் போயிருக்கிறார். இன்னும் அரைமணி நேரம் தூங்கியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். டியூப்பின் காற்றை நானே பிடுங்கிவிட்டேன், பிள்ளைகள் என்னைத் திட்டியது பெரிதில்லை.

உனக்கு உரிய பங்கையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா தண்ணீரில் நின்றதும் எனக்கு உன் முகம்தான் வந்தது. ஏழாம் வகுப்பில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு ஊருணியில் இறங்கி, கயிறு அவிழ்ந்து, "அம்மாவ்" என்று நீ போட்ட சத்தத்தில் படித்துறையில் துணி துவைத்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்களே. எவ்வளவு ஆழம் அங்கே? முழங்கால். இன்றுவரை நீ கழுத்தளவு என்றுதான் சாதிக்கிறாய்.

அம்மாவைச் சொல்ல மறந்துவிட்டேன். 81 வயசாகிறது, தேவிபட்டினத்தில் நவக்கிரகம் சுற்ற, அக்னி தீர்த்தத்தில் திதி கொடுக்க என்று இறங்கியதைத் தவிர, சும்மா குளிப்பதற்குக் கடலில் கால் வைத்ததே கிடையாது. "காரியம் ஒண்ணும் இல்லாம எதுக்குக் கடல்ல எறங்குறது" என்பாள். அன்றைக்கு எல்லாரும் கரையேறிய பிறகு தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, முழங்கால் தண்ணீரில் அப்படியே சேலையோடு உட்கார்ந்துவிட்டாள். அலை இல்லை, தண்ணீர் வெதுவெதுப்பு. பத்து நிமிஷம், அரைமணி நேரம், ஒரு மணி நேரம். எழுந்திருக்கச் சொன்னால், "இருடா, மூட்டுக்கு இதமா இருக்கு" என்கிறாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். கடைசியில் நாங்கள் எல்லாரும் போய் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம், மிச்சமிருந்த நுங்கை அங்கேயே தின்றோம், சித்தப்பா உட்பட. அவர் மட்டும் ஒரு கையால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற வழியில் வேன் நிறையத் தூக்கம். அம்மாவும் சித்தப்பாவும் மட்டும் விழித்திருந்தார்கள். சித்தப்பா நோட்டை எடுத்து, அடுத்த வருஷம் எங்கே போகலாம் மதினி என்று கேட்டார், 40 வருஷத்தில் முதல் தடவையாக. அம்மா, "மார்கழியில வா, கண்மாய் காட்டுறேன்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

நீயும் எழுதிக்கொள். முட்டி வலிக்கு ஆபரேஷனுக்கு முன்னால் அரியமானில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லி அம்மா தாக்கல் சொல்லச் சொன்னாள். மார்கழியில் அது ஆடிக்கொண்டிருக்கும், அதனால் அதற்குள் ஒரு தடவை, கண்மாய்க்கு ஒரு தடவை என்று இரண்டு தடவையாக வா. சுரைக்குடுக்கை நான் வாங்கி வைக்கிறேன். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் மாப்ளே
ராமநாதபுரம்