தலைமை ஆசிரியர்களுக்கு: உறுதிமொழி வேண்டாம், ஒரு கணக்கு போதும்

அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்துப் பேசவைப்பது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா படும் பாட்டைச் சொன்னதும் முன்வரிசையில் பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கையை நீட்டி, காலை நான்கு மணிக்கு எழுவேன், செல்போனைத் தொடமாட்டேன் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். மறுநாள் மாலை அதே பிள்ளைகள் என்னிடம் கணக்கு டியூஷனுக்கு வருகிறார்கள். நாலு மணிக்கு எழுந்த அசதியில் வகுப்பு முழுக்கக் கொட்டாவி. அடுத்த வாரம் கொட்டாவி நின்றுவிடும். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பெரியவர்கள் இதைத்தான் புராண வைராக்கியம் என்றார்கள். கதை கேட்கும்போது பொங்கிவரும், வீட்டுப் படியேறுவதற்குள் வடிந்துவிடும். பிரசவ வைராக்கியமும் மயான வைராக்கியமும் அதன் உடன்பிறப்புகள். அதற்காகப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் பசியும் களைப்புமாக மாலை ஐந்தரை மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது, மைதானத்தில் இருந்த மனசு கூட வருவதில்லை. அந்த ஐந்தரை மணிக்கு என்ன செய்வது என்று எந்தப் பேச்சாளரும் சொல்லித்தருவதும் இல்லை.

இந்தப் பேச்சுகளில் தவறாமல் வருகிற ஒரு கதை உண்டு. ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் வால்டர் மிஷெல் சின்னக் குழந்தைகள் முன்னால் தின்பண்டத்தை வைத்து, காத்திருந்தால் இன்னும் நல்லது கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போன கதை. காத்திருந்த குழந்தைகளுக்கு மன உறுதி அதிகம், அவர்கள்தான் பிற்காலத்தில் ஜெயித்தார்கள் என்று முடிப்பார்கள். அந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1970இல் வெளியான முதல் ஆய்வில், பண்டம் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். கண்ணில் படாமல் எடுத்துவைத்தபோது 11 நிமிடம். குழந்தைகள் அதே வயசுக் குழந்தைகள்தான், மேசைதான் மாறியது. பண்டத்தை வைத்துக்கொண்டே காத்திருக்க முடிந்தவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அதை முறைத்துப் பார்க்கவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், கையையும் காலையும் வைத்து விளையாட்டு கண்டுபிடித்தார்கள். அப்புறம், 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் ‘காத்திருந்தவர் ஜெயித்தார்’ என்கிற தொடர்பு வெகுவாக இளைத்துப்போனது. அந்தப் பாதியை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என்னிடம் வரும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். கணக்கு என்றாலே ஓடுகிறவன். அவனிடம் தினமும் ஒரு மணி நேரம் படி என்று நான் கேட்கவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் என்னடா செய்வாய் என்று கேட்டேன். கைகால் கழுவுவானாம், பாட்டி டீ போட்டுத் தருவாராம். சரி, டீ டம்ளரைக் கீழே வைத்ததும் ஒரே ஒரு கணக்கு, அதுவும் ஏற்கெனவே தெரிந்த கணக்காகவே இருக்கட்டும் என்றேன். நோட்டு பைக்குள் இருந்தால் எடுக்கமாட்டான் என்பதால், காலையில் கிளம்பும்போதே அன்றைய பக்கத்தில் பேனாவைச் சொருகி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போவது என்று முடிவானது. செல்போன் பாட்டியிடம் போகும். அவர் அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, மூடி மேல் முறத்தை வைத்துவிடுவார். முறத்தைத் தூக்கி, மூடியைத் திறந்து, அரிசிக்குள் கைவிட்டு எடுப்பதற்குள் பாட்டி பார்த்துவிடுவார். அவ்வளவுதான் ஏற்பாடு. சில நாள் ஒரு கணக்கோடு எழுந்துவிடுவான். பல நாள், உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தோம் என்று நாலைந்து போட்டுவிட்டு வருவான். அவன் மாநிலத்தில் முதலிடம் வரப்போவதில்லை. ஆனால் உட்காருவதற்கு இப்போது அவனை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஒரு கணக்கு போட்டால் பாஸ் ஆகிவிடுவானா என்று நீங்கள் கேட்கலாம். ஆகமாட்டான். பாடத்தை முடிக்கப் பழக்கம் மட்டும் போதாது, சொல்லித்தர ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஆனால் உட்காரவே உட்காராத பிள்ளைக்குச் சிறப்பு வகுப்பு வைத்தும் பயனில்லை. தொடங்குவது சிரமமாக இருக்கும்வரை தினம் தினம் மனசோடு சண்டைதான். சண்டை போட்டே களைத்துவிடும் வயசு அது.

இதில் காலக்கணக்கும் உதைக்கிறது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று மேடையில் சொல்கிறார்களே, அது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது அத்தனை நாளாகிறது என்றுதான் அவர் சொன்னார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு சின்னச் செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஜனவரி நடுவில் உறுதிமொழி எடுத்தால், மார்ச் முதல் வாரத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. நடுவே 66 நாள் எங்கே இருக்கிறது? ஆகவே, செய்வதென்றால் பள்ளி திறக்கும் ஜூன் மாதமே செய்யுங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கினால் இன்னும் நல்லது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை. நம் பள்ளிகளிலோ ஒருநாள் எழுதாத பிள்ளையை வெளியே நிற்கவைத்து, ‘உன்னால் ஒரு வாரம்கூட ஒழுங்காக இருக்க முடியாதா’ என்று கேட்கிறோம். அதோடு அந்தப் பிள்ளை விட்டுவிடுகிறது. நேற்று விட்டதை இன்று கேட்காதீர்கள், இன்றைக்கு எழுதினாயா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் வழக்கத்தை நிறுத்தினாலே பெரிய உபகாரம். செல்போனைத் தொடாதே என்று உறுதிமொழி வாங்குவதும் நாம்தான், எட்டு மணிக்குக் கேள்வித்தாளை அதில் அனுப்புவதும் நாம்தான். கேள்வித்தாளைப் பார்க்கத் திறந்த பிள்ளை ரீல்ஸில் போய் விழுந்தால் அதன் மன உறுதியைக் குறைசொல்லி என்ன பயன்? கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். பெற்றோர் கூட்டத்திலும் ‘கண்டிப்பாக இருங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், இரவில் போன் எங்கே இருக்கும் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அலாரத்துக்காகத் தலைமாட்டில் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அவர்களை ஒரு அலாரம் கடிகாரம் வாங்கச் சொல்லுங்கள்.

எல்லா வீட்டிலும் டீ போட்டுத்தரப் பாட்டி இருப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஒற்றை அறை வீட்டில் டிவிக்கு முன்னால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மாலையில் கடைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் எந்தப் பழக்கமும் வேர்பிடிக்காது. பள்ளியிலேயே இடம் கொடுங்கள். இறைவணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் வந்ததும் முதல் பத்து நிமிடம், யாரும் பேசாமல், ஆளுக்கு ஒரு கணக்கு அல்லது ஒரு பத்தி. ஆசிரியரும் உட்கார்ந்து ஏதாவது எழுதட்டும்.

ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் மூன்று வரி எழுதினால் போதும்: எது முடிந்ததும் தொடங்குவேன், எங்கே உட்காருவேன், முதலில் எதைச் செய்வேன். ‘தினமும் நன்றாகப் படிப்பேன்’ என்று எழுதுகிறவர்களைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். அச்சடித்த படிவமெல்லாம் வேண்டாம், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் போதும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுதியது ஒத்துவரவில்லை என்றால் மாற்றி எழுதச் சொல்லலாம்.

இப்படிக்கு,
மாலையில் கணக்கு சொல்லித்தரும் ஒருவர்