சர்ச்சு வழியில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஜூலையில் இமயமலைச் சாலையில், மணாலியிலிருந்து சர்ச்சு வழியாக லடாக்கின் லேவுக்குத் தனியே புல்லட்டில் கிளம்பிய என்னை உயிரோடு ஊர் சேர்த்தவர்கள் நீங்கள். உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும் நிலையில் அன்று நான் இல்லை. அதனால் எல்லோரும் அறிய இந்த நன்றியைச் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த யாரேனும் படித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் மலப்புறத்துத் தம்பிகள் இருவருக்கு. ஜிங்ஜிங்பார் என்ற இடத்தைக் கடந்தபின், பிற்பகல் வெயிலில் பனி உருகிச் சாலையை மறித்து ஓடிய ஓடையின் நடுவே என் வண்டி நின்றுபோயிற்று. அக்கரையில் இருந்த நீங்கள், கால் மரத்துப்போகும் அந்தத் தண்ணீரில் முழங்காலளவு இறங்கி வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, இன்ஜின் உறுமும்வரை ஒரு மணி நேரம் ஈரக் காலுடன் நின்றீர்கள். தாண்டி என்ற ஊரை விட்டால் அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பலகை எச்சரிக்கும் பாதை அது. என் பெட்ரோல் கேன் ஒழுகியிருந்ததைக் கண்டு, உங்கள் கேனிலிருந்து இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டுப் பணம் வாங்க மறுத்தீர்கள்.

புணேயிலிருந்து கணவருடன் ஒரே வண்டியில் வந்திருந்த மருத்துவர் அம்மா, உங்களுக்கு நான் பட்டிருப்பது பெரும் கடன். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியை விட்டு, வழியிலுள்ள ஜிஸ்பாவில் ஓரிரவு தங்கி உடலைப் பழக்காமல், 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் அன்றிரவே படுத்தது என் பிழை. தலைவலியையும் வாந்தியையும் களைப்பென்று எண்ணி உறங்கப் போன என்னை நீங்கள் தடுத்தீர்கள். மண்ணில் கோடு கிழித்து, குதிகாலும் விரலும் ஒட்டும்படி அதன்மேல் நடக்கச் சொன்னீர்கள், நான் தள்ளாடினேன். இரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 61 சதவீதம் காட்டியது. உயரத்தால் வந்த இந்த நோய்க்கு உடனே கீழே இறங்குவதே மருந்து என்றீர்கள். ஆனால் சர்ச்சுவிலிருந்து இறங்குவதற்கும் முதலில் ஏறியாக வேண்டும்: மணாலிப் பக்கம் 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாய், லே பக்கம் அதைவிட உயரமான லாச்சுங் லா கணவாய். இரவுக் குளிரில் ஓடைகளில் நீர் குறைந்திருக்கும் என்று சொன்ன கார் ஓட்டுநரை நம்பி, கூடாரத்துக் கடையிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டரை என் மூக்கில் பொருத்தி, விடியுமுன்பே என்னுடன் காரில் ஏறிக் கேலாங் மருத்துவமனை வரை வந்தீர்கள். உங்கள் கணவர் அந்தக் குளிரில் பின்னாலேயே வண்டியில் வந்தார். அதனால் உங்கள் பயணத்தில் இரண்டு நாள் போயிற்று. அதைப் பற்றி ஒரு சொல்லும் நீங்கள் சொல்லவில்லை.

லேயில் சரக்கிறக்கிவிட்டு வெறும் லாரியுடன் திரும்பிய ஓட்டுநர் ஐயா, என் புல்லட்டைக் கயிறு கட்டி ஏற்றி, கீறலின்றிக் கேலாங்கில் இறக்கினீர்கள். நன்றி.

உடல் தேறி மீண்டும் ஏறியபோது, 5,328 மீட்டர் உயரமுள்ள தாங்லாங் லா கணவாய்க்குச் சற்று முன்னால் பின்சக்கரம் பஞ்சரானது. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் அவ்விடத்தில் தார் காய்ச்சிக்கொண்டிருந்த சாலைப் பணியாளர்களே, ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வந்ததாகச் சொன்ன நீங்கள், வேலையை விட்டு வந்து வண்டியைத் தாங்கிப் பிடித்தீர்கள். உங்கள் தேநீரிலும் எனக்குப் பங்கு தந்தீர்கள். அந்தச் சாலையில் போகும் ஒவ்வொருவரும் உங்கள் முன் வண்டியை நிறுத்தி வணங்க வேண்டும் என்பேன்.

சர்ச்சுவில் கூடாரம் நடத்தும் அம்மா, இரவெல்லாம் வெந்நீர் வைத்துக் கொடுத்து, இரண்டு கம்பளிகளைக் காரிலும் போர்த்தி அனுப்பினீர்கள். அவை இன்னும் என்னிடமே இருக்கின்றன. வரும் கோடையில் சாலை திறந்ததும், இம்முறை ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, அவற்றை நானே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
திருநெல்வேலியிலிருந்து வந்த புல்லட்காரன்