கோப்பை இறுதியாட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மண்டலக் கடற்கரையில் அடுத்தடுத்த இரண்டு ஊர்க் கால்பந்துக் கிளப்புகள் இறுதியாட்டத்தில் மோதினால் எவ்வளவு கூட்டம் வரும், எவ்வளவு சூடு ஏறும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, கிறிஸ்துமஸுக்குப் படகுகள் கரை சேர்ந்திருந்த வாரம் அது. ஆட்டம் சமனாகி, பெனால்டியில் தீர்ந்தது. யார் எப்படி அடித்தார்கள் என்று டீக்கடைகளில் போதுமான அளவு பேசியாகிவிட்டது. இந்த நன்றி மடல் பந்தைத் தொடாதவர்களுக்கு.

முதலில் திடல் அளந்தவர்களுக்கு. நீளம் 100 மீட்டர், அகலம் 64 என்று வைத்துக்கொண்டு, மூலையில் 6, 8, 10 மீட்டர் கயிற்று முக்கோணம் போட்டுச் செங்கோணம் பிடித்தார்கள். அதோடு விடாமல் மூலைவிட்டங்களையும் இழுத்துப் பார்த்தார்கள். இரண்டும் 118.7 மீட்டர் வந்தால்தான் திடல் கோணவில்லை என்று அர்த்தம். ஒன்று சாண் அளவு கூடியது. கடல் பக்கத்து முளையைப் பிடுங்கி மறுபடி அடித்தார்கள். கோலுக்கு முன்னால் உள்ள கட்டமான பெனால்டி ஏரியாவுக்குப் பக்கத்துக்கு 16.5 மீட்டரைக் கோல் போஸ்டின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். வெளிவிளிம்பிலிருந்து அளந்தால் போஸ்டின் தடிமன் அளவுக்கு ஏரியா வீங்கிவிடும். பிறகு கோட்டோரத்து ஃபவுல் ஒவ்வொன்றுக்கும் பஞ்சாயத்துதான். முழு அகலம் 40.32 வருகிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

கோடு போட நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம் என்று தடுத்தவருக்குத் தனி நன்றி. வியர்த்த முழங்கால் அதில் உரசினால் தோல் வெந்துபோகும், கண்ணில் தெறித்தால் இன்னும் மோசம். அவர் சொல்லி வெள்ளைக் கல்மாவு வந்தது. கயிற்றோரம் முதலில் தண்ணீர் தெளித்து, ஈர மணல்மேல் மாவைத் தூவியதால் கடல்காற்று அதை அள்ளிக்கொண்டு போகவில்லை. இடைவேளையில் பெனால்டி ஏரியாக்களை மட்டும் மறுபடி தூவினார்கள்.

வலை கட்டிய பெரியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்த கோல் வலை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். வேகமாக ஒரு ஷாட் பட்டால் கிழிந்து பந்து பின்பக்கம் போய்விடும். அவர்கள் ஒவ்வொரு கண்ணியையும் விரலால் இழுத்துப் பார்த்து, இற்றதையெல்லாம் வெட்டியெறிந்து, வலைபின்னும் ஊசியால் அங்கேயே புதுக் கண்ணி போட்டார்கள். வலையை இறுக்கியும் கட்டவில்லை. இறுகிய வலையில் பட்ட பந்து திடலுக்கே திரும்பி வரும், கோலா கம்பியா என்று நடுவர் திகைப்பார். பின்புறம் தொய்வு விட்டு, போஸ்டுக்கும் வலைக்கும் நடுவில் பந்து நுழைய இடம் இல்லாமல் பக்கவாட்டை நெருக்கிக் கட்டி, அடியில் மணல் மூட்டை வைத்தார்கள். மூட்டைகள் வலைக்காக மட்டுமல்ல. நகர்த்தும் கோல் போஸ்டில் பையன்கள் தொங்கினால் அது முன்பக்கம் சாயும்; உயிரே போகலாம்.

பந்துகளைக் கவனித்த தம்பிக்கும் நன்றி. காலையில் காற்றடித்து வெயிலில் வைத்த பந்து மாலையில் கல்லாகிவிடும் என்று, ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் அழுத்தம் பார்த்தார். விதி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை அனுமதிக்கிறது. இறுகிய மணல் திடலில் கீழளவை ஒட்டியே வைப்பது நல்லது, இல்லாவிட்டால் பந்து காலில் நிற்காது.

நாங்கள் அதிகம் மூளையைக் கசக்கியது வாசல்களுக்காகத்தான். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தில் ரசிகர்கள் மோதி, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். நம்முடையது சின்னத் திடல்தானே என்று இருந்துவிட முடியாது. சின்னத் திடலில் ஓட இடமும் குறைவு. ஆகவே கிழக்கூர் ஆட்களுக்குக் கிழக்கு வாசல், மேற்கூருக்கு மேற்கு வாசல். தண்ணீர், டீ, கழிப்பறை எல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனி. ஒரு டீக்காக எதிர்ப்பக்கம் கடக்கிறவன்தான் முதல் சண்டைக்குக் காரணம். கூட்டத்தைத் தடுக்கும் கயிறு கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி. அதற்குள் கூட்டம் வந்தால் துணை நடுவருக்கு ஓட வழியிருக்காது. செண்டை மேளங்களுக்குக் கோலுக்குப் பின்னால் இடம் தரவில்லை. வருத்தப்பட்டாலும் ஒத்துக்கொண்ட இரு மேளக் குழுவினருக்கும் நன்றி.

இரண்டு ஊர்க் கமிட்டிப் பெரியவர்களும் இடம் மாறி, எதிரூர்க் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். இந்த யோசனையைச் சொன்ன பங்குத்தந்தைக்கு எங்கள் வணக்கம். பாதி ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பக்கத்தில் மாமனோ மச்சானோ இருக்கிற ஊர்கள் இவை. தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் கல் எடுத்த கை தானாக இறங்கும். பதக்கம் முதலில் தோற்ற அணிக்கு. அவர்களும் அவர்கள் ஆட்களும் தங்கள் வாசல் வழியே வெளியேறிய பிறகே கோப்பை. ஜெயித்தவர்கள் எப்படியும் போகமாட்டார்கள், அவர்களைப் பிடித்துவைக்கத் தனியாகக் காவல் வேண்டாம். இந்தக் கணக்குக்கு ஒத்துழைத்த காவல்துறையினருக்கும் நன்றி.

வெளிமாவட்டத்திலிருந்து வந்த நடுவர்கள் ஆட்டத்துக்கு முன்பே இரு கேப்டன்களையும் பயிற்சியாளர்களையும் உட்காரவைத்து விதிகளைப் படித்துக் காட்டினார்கள். டிசம்பர் கடைசியில் இங்கே 6.10-ஐ ஒட்டிச் சூரியன் மறைகிறது. 3.45-க்குத் தொடங்கினால் 5.35-க்கு முடியும், கூடுதல் நேரம் 30 நிமிடம் வைத்தால் பெனால்டி இருட்டில்தான். விளக்கில்லாத திடலுக்கு நேராகப் பெனால்டி என்று எழுதிவைத்ததால் கடைசி விசிலுக்குப் பிறகு யாரும் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு அணி சிவப்பு அட்டையால் பத்துப் பேராக இருந்தது. பெனால்டிக்கு எதிரணியும் ஒருவரைக் கழித்துப் பத்தாக்க வேண்டும் என்பதை நடுவர்கள் மறக்கவில்லை. கழிக்காவிட்டால், பத்துப் பேரும் அடித்தும் தீராத கட்டத்தில் ஒரு பக்கம் மட்டமான ஆள் அடிக்க, மறுபக்கம் நல்ல ஆளின் இரண்டாவது சுற்றே வந்துவிடும். ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் அட்டை பெனால்டிக்குத் தொடராது என்பதையும் கோல்கீப்பர்களிடம் சொன்னார்கள். உதை அடிக்கப்படும்போது கோல்கீப்பரின் ஒரு காலாவது கோல் கோட்டின்மேல் இருந்தால் போதும் என்று காட்டியும் கொடுத்தார்கள். உதைகளைப் பெயரில்லாமல் முதுகு எண்ணால் இருவர் தனித்தனியே எழுதினர்; நம் ஊரில் ஒரே அணியில் எத்தனை ஆன்றனிகள் இருப்பார்கள் என்று தெரிந்தவர்கள்!

ஐஸ், உப்புச்சர்க்கரைக் கரைசல், ஸ்ட்ரெச்சர் ஆகியவற்றை நடுக்கோட்டருகே வைத்துக் காத்திருந்த செவிலியர்களுக்கு நன்றி. தலையில் அடிபட்ட தடுப்பாட்டக்காரர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அடம்பிடித்தும் திரும்ப இறக்க மறுத்தார்களே, அதற்கு இன்னும் பெரிய நன்றி. வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்தி, முன்னால் ஒரு பைக் நிற்க விடாத ஓட்டுநருக்கும்.

அன்றிரவே குப்பை பொறுக்கி, கோல் போஸ்டுகளைக் கவிழ்த்துச் சங்கிலி போட்ட இரு ஊர் மாணவர்களுக்கும் நன்றி. இரவல் வாங்கிய கயிறுகளும் தார்ப்பாய்களும் ஆலயத்து வளாகத்தில் பெயரெழுதி வைக்கப்பட்டுள்ளன, உரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வரவுசெலவுக் கணக்கு அங்கேயே பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
இறுதியாட்ட ஏற்பாட்டுக் குழுவினர்