அந்தப் பணத்தைக் கட்டாதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சிக்காரர்கள் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், அம்மாவின் செயினை அடகு வைக்க முடியுமா என்று நீ கேட்டதாக அம்மா சொன்னாள். வேண்டாம். பணமில்லாமல் சொல்லவில்லை, உனக்காக அதைவிடப் பெரிய தொகையையும் புரட்டுவேன். ஆனால் இந்தக் காரியத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் நீ அழுதுவிடுகிறாய், அப்புறம் எனக்கும் பேச்சு வருவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி.

அவர்கள் தருவதாகச் சொல்வது என்ன? எங்கோ ஒரு கம்பெனியில் நீ இரண்டு வருடம் வேலை பார்த்ததாக ஒரு லெட்டர், அதற்கு சம்பள ஸ்லிப், அதை வைத்து ‘பேக்டோர்’ வழியாக ஒரு வேலை. நம் பட்டறைக்குப் பக்கத்தில் கிரைண்டிங் வேலை பார்ப்பவரின் மகன் அப்படித்தான் உள்ளே போனான். சில மாதம் கழித்து வெரிஃபிகேஷனில் பிஎஃப் விவரம் கேட்டார்கள். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதெல்லாம் வந்துவிடுமே. இவனுக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பணமும் திரும்ப வரவில்லை. போலீஸுக்குப் போனால் தன் பொய் லெட்டரும் வெளியே வரும் என்று வாயை மூடிக்கொண்டான்.

மாட்டிக்கொள்வது ஒரு பக்கம். மாட்டவே இல்லை என்று வை. இரண்டு வருட அனுபவம் இருப்பதாகச் சொல்லி ஒரு சீட்டில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் நீ எதையும் கேட்க முடியாது. “இதுகூடத் தெரியாதா?” என்று ஒரு வார்த்தை வந்தால் போச்சு. புதிதாகச் சேர்ந்த ஆளுக்குத்தான் தெரியாது என்று சொல்ல உரிமை உண்டு. எனக்கு லேத் கற்றுக்கொடுத்த மேஸ்திரி ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப பதில் சொல்லியிருக்கிறார், திட்டிக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். நான் சின்னப் பையன், ஒன்றும் தெரியாதவன் என்பது அவருக்குத் தெரியும், அதனால் சொன்னார். முதல் வேலையில் சம்பளத்தைவிடப் பெரியது அதுதான் என்று நான் முழுசாக நம்புகிறேன். ஒன்றரை லட்சம் கொடுத்து நீ அதைத்தான் தொலைக்கப் போகிறாய்.

டெலிகிராமில் வந்ததென்று தம்பிக்கு அனுப்பினாயே, தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிக்கெட்டும் அவர்களே போடுவார்கள் என்று. அதை அழித்துவிடு. 2022இல் இதே மாதிரி தாய்லாந்து வேலை என்று கிளம்பிப் போன நம் தமிழ்ப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைனில் ஊரை ஏமாற்றும் வேலையில் அடைத்துவைத்தார்கள். அரசாங்கம் பேசித்தான் மீட்டுக்கொண்டு வந்தது. வெளிநாட்டு ஏஜென்ட் என்று யார் வந்தாலும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட் நகலைக்கூடக் கொடுக்காதே.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். “நாலு வருஷம் படிச்சும் நான் எதுக்கும் லாயக்கில்லை” என்று அம்மாவிடம் சொன்னாயாம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த உன் பேட்ச்சுக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பார். 2020 நவம்பரில் உனக்குக் காலேஜ் தொடங்கியது, அதுவும் போனில். முதல் வருடம் ஃபிட்டிங், வெல்டிங், லேத் எல்லாம் கையால் செய்ய வேண்டிய வயதில், நீ நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையில் பார்த்தாய். நெட் நின்றுபோகும், நீ நோட்டில் வரைந்துகொண்டிருப்பாய். அப்புறம் கடைசி வருடம், கேம்பஸுக்குக் கம்பெனிகள் வர வேண்டிய 2023-24இல், டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் ஆள் எண்ணிக்கை குறைந்தது. மூன்றையும் கூட்டினால் 60,000க்கு மேல். அதற்கு முன்பு கூட்டம் கூட்டமாக எடுத்தவர்கள், எடுத்த ஆட்களுக்கே ஜாயினிங் தேதி தராமல் இழுத்தார்கள். ஐ.டி.யை நம்பியிருந்த பிள்ளைகளெல்லாம் மெக்கானிக்கல் பக்கம் கிடைக்கும் கொஞ்ச இடத்துக்கும் வந்து நின்றார்கள். இப்போது விளம்பரத்தில் “2025 பேட்ச் மட்டும்” என்கிறான், இல்லையென்றால் “ஃப்ரெஷர் தேவை, ஒரு வருட அனுபவம் அவசியம்” என்கிறான். இதில் உன் குற்றம் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் “பொண்ணுங்களை நைட் ஷிஃப்ட் போட முடியாதும்மா, அதான் யோசிக்கிறோம்” என்று சொன்னார்களே, அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. சங்கத்தில் இருக்கும் என் நண்பரிடம் கேட்டேன். பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டதாம், பாதுகாப்புக்கான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அசெம்பிளி லைனில் ஆயிரக்கணக்கில் பெண்கள் நிற்கிறார்கள். அங்கே போடலாமாம், இன்ஜினியர் என்றால் மட்டும் யோசிப்பார்களாம். அந்த மாதிரி இடம் உனக்குக் கிடைக்காமல் போனதே நல்லது.

ஆனால் அம்பத்தூர் இன்டர்வியூவில் நடந்தது வேறு. அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். டிராயிங்கைக் கொடுத்து 25 எச்7 என்றால் என்ன என்று கேட்டார், நீ விளக்கம் சரியாகச் சொன்னாய், “அப்படின்னா எவ்வளவு வரலாம்?” என்றதும் நின்றுவிட்டாய். ஓட்டை 25 மில்லிக்கு ஒரு மைக்ரான்கூட, அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட, குறையக் கூடாது, அதிகபட்சம் 21 மைக்ரான் கூடலாம், அவ்வளவுதான். எனக்கு இது எந்தப் புத்தகத்தையும் பார்த்து வந்ததில்லை. நம் பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் ஓடாத நாள் கிடையாது, பேரிங் உட்காரும் இடம் பெரும்பாலும் 25 மில்லிதான், டிராயிங்கில் கே6 போட்டிருப்பார்கள். அப்படியென்றால் ஷாஃப்ட் 25 மில்லியைவிட 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரைக்கும் அதிகமாக இருக்கலாம். ஆக நமக்குக் கிடைப்பது 13 மைக்ரான் இடம்.

இதில் ஒன்று சொல்கிறேன், கேள். புதுப் பையன் ஒருவன் ஷாஃப்ட்டை மெஷினில் இருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பான். அளவு சரியாக இருக்கும். சந்தோஷமாகத் தட்டில் அடுக்குவான். ஆறின பிறகு இன்ஸ்பெக்‌ஷனில் அளந்தால் சிறுத்திருக்கும். 25 மில்லி இரும்பு 20 டிகிரி சூடு கூட இருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 13இல் 6 போனால் மிச்சம் என்ன? எனக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும், தொட்டுப் பார்த்து “இன்னும் கொஞ்ச நேரம் விடு” என்பேன். ஏன் அப்படி, எத்தனை டிகிரிக்கு எத்தனை மைக்ரான் என்று கணக்குப் போட்டு எனக்கு முதன்முதலில் எழுதிக் காட்டியது நீதான், மூன்றாவது வருடம் படிக்கும்போது. ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தாளை இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் வைத்திருக்கிறோம். லாயக்கில்லாதவள் எழுதின தாளா அது?

உனக்குக் குறைவது கைப்பழக்கம் மட்டும்தான். அதை யாரும் விற்க முடியாது, கோர்ஸிலும் கிடைக்காது. நான் ஓனரிடம் பேசிவிட்டேன். நீ ஊருக்கு வந்து ஒரு மாதம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்காரலாம் என்றார். ஓட்டையை அளக்கும் போர் கேஜைப் பிடிப்பதற்கு, டிராயிங்கைப் பார்த்ததும் எந்த அளவு முக்கியமான அளவு என்று கண்டுபிடிப்பதற்கு, ஒரு பீஸைத் திருப்பி அனுப்பும்போது ஆபரேட்டரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அது போதும். அப்பா பட்டறையிலா என்று கூச்சப்படாதே. அந்த மேஜையில் நான் உனக்கு அப்பா இல்லை, உன்னிடம் பீஸ் கொண்டு வந்து காட்டும் டர்னர். தப்பாக இருந்தால் என்னுடையதையும் நீ திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

அப்புறம் அப்ரண்டிஸ். தம்பியை உட்கார வைத்து, மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் தளமான நாட்ஸில் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன். டிகிரி முடித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி, 2019இல் வந்த விதியில் உதவித்தொகை மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள், அதில் பாதி மத்திய அரசின் பங்கு. ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருப்பவர்கள் சேர முடியாது. பார்த்தாயா, உன்னிடம் இல்லை என்று எல்லோரும் சொல்கிற அனுபவம் இங்கே இல்லாமல் இருக்க வேண்டும். அந்தப் பொய் லெட்டரை வாங்கியிருந்தால் இந்தக் கதவும் மூடியிருக்கும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகம் எல்லாம் எடுக்கிறார்கள். இதைப் பார்க்கும் தென்மண்டல அலுவலகம் தரமணியில், உன் ஹாஸ்டலில் இருந்து பக்கம்தான். சந்தேகம் இருந்தால் நேரிலேயே போய்க் கேள்.

ஒரு வருடம் முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டே போ. அதனால்தான் கம்பெனி பேரைப் பார்க்காதே என்கிறேன். இன்டர்வியூ கடைசியில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்களே, அப்போது கேள்: என்னை எந்த டிபார்ட்மென்ட்டில் போடுவீர்கள், யாரிடம் வேலை கற்பேன், ஸ்டாண்டர்ட் ரூமில் கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று காலிபரேட் செய்வதை நான் செய்யலாமா என்று. பதில் சொல்லத் தடுமாறினால் வருடம் முழுக்க எக்ஸெலில் நம்பர் ஏற்றத்தான் உட்கார வைப்பார்கள் என்று அர்த்தம். அங்கே போகாதே. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எந்த இடத்திலும் விட்டுவிட்டு வராதே, பாண்ட் பேப்பர் நீட்டினால் எனக்கு போட்டோ அனுப்பிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.

அம்மாவுக்கு நீ குரூப் 4 எழுத வேண்டும் என்று ஆசை. எழுதுவதானால் எழுது, நான் தடுக்கவில்லை. ஆனால் 2022இல் 7,301 இடத்துக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அதை மட்டுமே நம்பி வருடக்கணக்கில் உட்காருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோட்டூர்புரம் லைப்ரரியில் உன்னோடு படிக்கும் அந்தப் பெண்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்றது அதனால்தானே? “அம்மிணி எங்க வேலை பாக்குது?” என்று எல்லோரும் கேட்பார்கள் என்றுதான். கேட்டால் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று நான் சொல்வேன், சத்தமாகவே சொல்வேன். ஜாதகத்தைக் கொடு என்று இரண்டு மூன்று பேர் கேட்டாகிவிட்டது. நீயாக வந்து சொல்லும் வரைக்கும் அது பீரோவில்தான் இருக்கும். அம்மிச்சி மட்டும் உன்னைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை என்கிறாள், அவளுக்காகவாவது வா.

பணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டு ஹாஸ்டலில் ஒரு வேளை சாப்பிடாமல் இருக்கிறாய் என்று தெரியும். உன் டியூஷன் ஃபீஸ் முதல் தலைமுறை பட்டதாரி சலுகையில் போனதால் நமக்குப் பேங்க் கடன் என்று ஒன்றும் இல்லை. அப்ரண்டிஸ் உதவித்தொகையில் ரூம் வாடகை கொடுத்து ஒரு வருடம் ஓட்ட முடியாது, எனக்கும் தெரியும், பற்றாததை நான் போட்டுவிடுகிறேன். ஓவர்டைம் இருக்கிறது, கை கால் நன்றாக இருக்கிறது. இதைக் கடன் என்று நோட்டில் எழுதி வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நாட்ஸில் பதிவு செய்துவிட்டு நம்பரைத் தம்பிக்கு அனுப்பு. ஆதார், டிகிரி சர்டிஃபிகேட், பேங்க் புத்தகம் மூன்றையும் கையில் வைத்துக்கொள், பெயர் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார், இனிஷியல் மாறி இருந்தால் முதலில் அதைச் சரி செய். டெஸ்டிங் கோர்ஸில் கட்டின பணம் பாதி திரும்ப வரும் என்றார்களே, அதை எழுத்தில் கேள். கோவை எக்ஸ்பிரஸில் எந்தத் தேதிக்கு டிக்கெட் கிடைக்கிறதென்று சொன்னால் ஓனரிடம் சொல்லிவிடுகிறேன், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பட்டறைக்குப் போட ஒரு பழைய ஷூ எடுத்து வா, செருப்போடு உள்ளே விட மாட்டோம்.

அன்புடன்,
அப்பா