எத்தனை சீட் விக்கப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன டிசம்பர்ல எங்க அம்மாவுக்கு 70 வயசு முடிஞ்சுது. சின்ன வயசுல ரேடியோவுல கேட்ட பாட்டையெல்லாம் ஒரு தடவையாவது நேர்ல உக்காந்து கேட்கணும்னு அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை, அதனால சென்னையில நடந்த ஒரு பெரிய கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கலாம்னு நானும் மதுரையில இருக்கற தம்பியும் ஆளுக்கு ஒரு போனை வச்சுக்கிட்டு காலையில 10 மணிக்கு முன்னாடியே ரெடியா இருந்தோம். 10 அடிச்சு டிக்கெட் ஆப் உள்ள போனா எனக்கு முன்னாடி 61,000 பேர் நிக்கறதா ஸ்கிரீன் காட்டுது. முக்கால் மணி நேரம் அந்தப் பச்சைக் கோடு நகர்றதையே பார்த்துக்கிட்டு இருந்தேன், அடுப்புல வச்ச பால் பொங்கினது கூட தெரியலை. என் முறை வந்தப்போ 1,000 ரூபாய், 1,500 ரூபாய் டிக்கெட் எல்லாம் காலி. சரி, அம்மாவுக்காகன்னு 2,500 ரூபாய் டிக்கெட் ரெண்டு எடுத்தேன். பணம் கட்டற பக்கத்துக்குப் போனதும் 5,000 ரூபாய் 5,590 ஆகிடுச்சு. கன்வீனியன்ஸ் ஃபீ, அதாவது ஆன்லைன்ல எடுக்கறதுக்கான கட்டணம் 500, அதுக்கு மேல ஜிஎஸ்டி 90. ஓரத்துல டைமர் வேற ஓடுது, யோசிக்கவே விடலை, கட்டிட்டேன்.

இதைக் கூட நான் பெருசா எடுத்துக்கலை. கச்சேரி அன்னிக்கு நடந்ததுதான் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. நாங்க உக்காந்திருந்த இடத்துல இருந்து மேடையில இருக்கறவங்க கட்டை விரல் அளவுக்குத்தான் தெரிஞ்சாங்க. முன்னாடி வரிசை வரிசையா வெள்ளைத் துணி போத்தின நாற்காலி, ஒவ்வொண்ணு முதுகுலயும் ஸ்பான்சர் பேர் போட்ட தாள் ஒட்டியிருக்கு, நாலாவது பாட்டு முடியற வரைக்கும் அதுல பாதி காலியாத்தான் கிடந்துச்சு. அம்மா என் கையைப் பிடிச்சு, "அங்கதான் அவ்வளவு இடம் இருக்கே, நமக்கு ஏண்டி கொடுக்கலை"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியலை.

அதுக்கப்புறம்தான் இந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு விசாரிச்சும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன். கச்சேரி நடத்தறவங்களுக்கு பாடகருக்கு அட்வான்ஸ், கிரவுண்ட் வாடகை, சவுண்ட், லைட்டுன்னு மாசக்கணக்கா முன்னாடியே பணம் வேணும். பெரிய நிகழ்ச்சின்னா டிக்கெட் கம்பெனியே முன்பணம் கொடுக்கறதும் உண்டு, பதிலுக்கு எங்க ஆப்ல மட்டும்தான் விக்கணும்னு ஒப்பந்தம். நாம கட்டற கன்வீனியன்ஸ் ஃபீயில பல இடத்துல ஒரு பங்கு தியேட்டருக்கோ நடத்தறவங்களுக்கோ திரும்பப் போகுது, அதனால ஆப்காரங்க மட்டும்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்றது நியாயம் இல்லை. ஆனா சீட் கணக்கு இருக்கே, அதுதான் எனக்குப் பொறுக்கலை. ஸ்பான்சருக்கு இவ்வளவு, கலைஞர் தரப்புக்கு இவ்வளவு, மெம்பர்களுக்கு இவ்வளவு, குறிப்பிட்ட பேங்க் கார்டு வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இவ்வளவு, இதெல்லாம் போக மிச்சம் இருக்கறதுதான் அந்த 10 மணிக்கு நம்ம கைக்கு வருது. மிச்சம் எவ்வளவுன்னு கம்பெனிக்குத் தெரியும், நடத்தறவங்களுக்குத் தெரியும், காசு கொடுக்கற நமக்கு மட்டும் தெரியாது.

அமெரிக்காவுல நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தோட தலைமை அரசு வக்கீல்) ஆபீஸ் 2016ல இதை ஆராய்ஞ்சு ஒரு அறிக்கை விட்டுச்சு. பெரிய நிகழ்ச்சிகள்ல சராசரியா 46% டிக்கெட்தான் பொது விற்பனைக்கு வருதாம், மீதி 54% முன்கூட்டியே ஒதுக்கினதும், கார்டுகாரங்க மாதிரி சிலருக்கு மட்டும் முன்னாடியே விக்கற ப்ரீசேல்ல போனதும்தானாம். பாதி கூட இல்லைங்க. நம்ம ஊர்ல இது எவ்வளவுன்னு கேட்டா யார் சொல்லப் போறாங்க?

2024 செப்டம்பர் 22ஆம் தேதி கோல்ட்ப்ளேங்கற இங்கிலாந்து பாட்டுக் குழுவோட மும்பை ஷோவுக்கு புக்மைஷோங்கற டிக்கெட் சைட்டுல விற்பனை ஆரம்பிச்சப்போ சைட்டே படுத்துடுச்சு, லட்சக்கணக்கான பேர் க்யூவுல நின்னாங்க. 2,500ல இருந்து 35,000 ரூபாய் வரைக்கும் போட்ட டிக்கெட் மறுவிற்பனை சைட்டுகள்ல லட்ச ரூபாய்க்கு மேல வந்துச்சு. எங்களுக்கும் அந்த சைட்டுகளுக்கும் சம்பந்தம் இல்லைன்னு புக்மைஷோ சொல்லி போலீஸ்லயும் புகார் கொடுத்தாங்க. ஆனா மொத்தம் எத்தனை டிக்கெட், எத்தனை யார் கைக்குப் போச்சுங்கற கணக்கு முதல்லயே வெளியில இருந்திருந்தா, பிளாக்ல வந்தது எந்தப் பங்குல இருந்து கசிஞ்சுதுன்னு கண்டுபிடிக்கறது எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்!

கணக்கு தெரியாததால வர்ற ஆபத்தையும் நாம பார்த்துட்டோம். 2023 செப்டம்பர் 10ஆம் தேதி பனையூர் பக்கம் நடந்த ரஹ்மான் கச்சேரியில கையில டிக்கெட் வச்சுக்கிட்டு உள்ள போக முடியாம எத்தனை குடும்பம் ஈசிஆர் ரோட்டுலேயே திரும்பிச்சு. அப்புறம் ரஹ்மானே டிக்கெட் காப்பியை அனுப்புங்கன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. அந்த இடத்துல எத்தனை பேர் நிக்க முடியும், எத்தனை டிக்கெட் வித்தாங்கங்கறது முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா அப்படி ஆகியிருக்குமா?

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தையே எடுத்துக்கோங்க. ராத்திரியே வந்து வாலாஜா ரோடு பிளாட்ஃபாரத்துல துண்டை விரிச்சுப் படுத்து, காலையில கவுண்டர்ல டிக்கெட் வாங்கின பசங்க எத்தனை பேர். 2023 ஐபிஎல்ல கூட சி, டி, இ கீழ் ஸ்டாண்டு டிக்கெட்டை 1,500 ரூபாய்க்கு கவுண்டர்ல கொடுத்தாங்க. 2024ல இருந்து எல்லாமே ஆன்லைன், அந்த வருஷம் அதே ஸ்டாண்டு 1,700. கஷ்டம்தான் அந்த க்யூ, தடியடி கூட வாங்கியிருக்காங்க, திரும்ப வரணும்னு நான் சொல்லலை. ஆனா அங்க முன்னாடி நிக்கற தலையை எண்ண முடிஞ்சுது. சுமார் 38,000 பேர் உக்கார்ற மைதானத்துல கிரிக்கெட் கிளப்புகளுக்கும் ஸ்பான்சருக்கும் போக ஜனங்களுக்கு எத்தனை சீட்டுன்னு இன்னிக்கு எந்த ஸ்கிரீன்லயும் போடறது இல்லை.

ரயில்ல பாருங்க, தத்கால் கோட்டா தனி, பெண்கள் கோட்டா தனி, எத்தனை பெர்த் மிச்சம், வெயிட்டிங் லிஸ்ட்ல நாம எத்தனாவதுன்னு எல்லாம் தெரியும். கிடைக்கலைன்னா வருத்தம் இருக்கும், ஏமாந்துட்டோம்னு தோணாது. அந்த மரியாதையைத்தான் நான் கேட்கறேன். விற்பனைக்கு ஒரு நாள் முன்னாடியே ஒவ்வொரு விலையிலயும் பொதுமக்களுக்கு எத்தனை டிக்கெட்னு போடணும், ஃபீயும் வரியும் சேர்த்த முழு விலையை முதல் பக்கத்துலயே காட்டணும், ஸ்பான்சர், மெம்பர்னு ஒதுக்கினதுல யாரும் எடுத்துக்காத சீட்டை நிகழ்ச்சிக்கு முந்தின நாளே பொது விற்பனைக்கு விடணும். அரசாங்கம் நினைச்சா முடியும். சினிமா டிக்கெட்டுக்கு இவ்வளவுதான் வாங்கலாம்னு அரசாங்கமே ரேட் போடற மாநிலம் இது. ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22ல இருந்து 28%ல இருந்து 40%ன்னு ஏத்தியிருக்காங்க. அவ்வளவு வரி வாங்கறவங்க எத்தனை சீட்டுன்னு கேட்கக் கூடாதா?

உங்க பேப்பர்கிட்ட எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்குங்க. அடுத்த ஐபிஎல் டிக்கெட் விற்பனை தேதி வர்ற அன்னிக்கு, டிக்கெட் விலைப் பட்டியலை மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க. உங்க நிருபரை அனுப்பி பொதுமக்களுக்கு எத்தனை டிக்கெட்னு கேட்டு, அந்த நம்பரை பக்கத்துலேயே போடுங்க. சொல்ல மாட்டேன்னாங்கன்னா அதையும் அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பெரம்பூர், சென்னை