தமிழ் விக்கிப்பீடியா நிருவாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் விக்கிப்பீடியாவின் நிருவாகிகளுக்கும், நாள்தோறும் அங்கே தொகுப்புப் பணி செய்துவரும் பங்களிப்பாளர்களுக்கும் வணக்கம்.

2003-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியம், எழுதுபவர் ஒருவருக்கும் ஊதியம் தராமலேயே 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வளர்ந்திருக்கிறது. வளைகுடாவில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தபடியே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிய இ. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருது வழங்கியபோது, தமிழில் பெயர் தெரியாமல் உழைக்கும் ஒரு கூட்டத்துக்கே கிடைத்த மதிப்பு அது என்று மகிழ்ந்த வாசகர்களில் நானும் ஒருவன். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், வட்டார வரலாறு தேடிப் படிப்பவன் என்ற முறையிலும் உங்கள் பக்கங்களை நாள்தோறும் திறக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குத் தோன்றிய ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவே இந்த மடல்.

உங்களிடம் கண்டிப்பு இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இல்லை. ஒருவரைப் பற்றியோ ஒரு கலையைப் பற்றியோ கட்டுரை இருக்கலாமா என்று நுழைவிலேயே கேட்கப்படும் 'குறிப்பிடத்தக்கமை' கேள்விகள் கடுமையானவை. நுழைந்துவிட்ட கட்டுரையிலோ, ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று எங்கே என்று கேட்பவர் அரிது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்றால் எப்படி நம்புவது என்ற பழைய கேள்விக்கு, 2005-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் வைத்துச் செய்த ஒப்பீட்டை எடுத்துக் காட்டுவது நம்மவர் வழக்கம். 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் விக்கிப்பீடியாவில் 162 பிழைகளும் பிரிட்டானிக்காவில் 123 பிழைகளும் கண்டறியப்பட்டன. பெரும்பிழைகள் இரண்டிலும் நான்கு நான்குதான். பிரிட்டானிக்கா இந்த முடிவைக் கடுமையாக மறுத்தது என்பது ஒரு புறமிருக்க, அந்த ஒப்பீடு ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் உரியது. ஒரு பக்கத்தில் தவறு நுழைந்தால் அதைக் கவனிக்கப் பல்லாயிரம் கண்கள் இருக்கின்றன என்ற நிலையில்தான் அந்தக் கணக்கு பொருந்தும். அந்த ஆங்கிலத்திலேயே, அதே 2005-இல், ஜான் சைகென்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளர் கென்னடி சகோதரர்களின் கொலைகளில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ விளையாட்டாக எழுதிய பொய் நான்கு மாதங்கள் அசையாமல் கிடந்தது. தமிழில் அப்படி ஒரு வரி எழுதப்பட்டால் அது எத்தனை மாதம் கிடக்கும் என்பதை புதிய தொகுப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரியும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தை நாள்தோறும் பார்க்கும் உங்களைவிட வேறு யார் அறிவார்?

சிறு மொழிகளின் விக்கிப்பீடியாக்களுக்கு நேர்ந்தவை நமக்கு இன்னும் நெருக்கமானவை. ஸ்காட்ஸ் மொழிப் பதிப்பில் பல்லாயிரம் கட்டுரைகளை அந்த மொழியே அறியாத ஓர் அமெரிக்க இளைஞர் சிறுவயது முதல் எழுதிக் குவித்திருந்தது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. அவரிடம் தீய எண்ணம் ஏதும் இல்லை. படித்துப் பார்த்துத் தடுக்க ஆள் இல்லை, அவ்வளவே. குரோவாசியப் பதிப்பின் கதை வேறு மாதிரி. அங்கே ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஒரு சிறு நிருவாகிக் குழு தளத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குரோவாசியாவை ஆண்ட, நாசிகளுக்குத் துணைநின்ற உஸ்தாஷா ஆட்சியின் கொடுமைகள் மென்மையாக்கி எழுதப்பட்டன. மறுத்தவர்கள் தடை செய்யப்பட்டார்கள். 2021-இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிட்ட மதிப்பீட்டறிக்கை இதை விரிவாகவே பதிவு செய்தது. தமிழில் அப்படி ஒரு கைப்பற்றல் நடந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் தொகுப்பவர் சிலர், சரிபார்ப்பவர் அதிலும் சிலர் என்ற அதே சூழல்தான் நமக்கும்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். தமிழ்நாட்டின் ஏதாவதோர் ஊராட்சியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த ஒன்றியம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, எந்த மக்களவைத் தொகுதி, 2011 கணக்கெடுப்பின்படி ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை; பிறகு 'அடிப்படை வசதிகள்' என்ற பட்டியலில் குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊரணிகள் அல்லது குளங்கள், சந்தைகள், சுடுகாடுகள் அல்லது இடுகாடுகள் என்று எண்கள் வரிசையாக நிற்கும். ஊரக வளர்ச்சித் துறையின் 2015-ஆம் ஆண்டுத் தரவைத் தானியங்கி (தானே தொகுக்கும் கணினி நிரல்) கொண்டு ஏற்றியதால் ஆயிரக்கணக்கான ஊராட்சிகளுக்கு இந்த ஒரே அச்சில் பக்கங்கள் உருவாயின. பயனில்லாத வேலை என்று இதைத் தள்ளிவிட மாட்டேன். தேடுபொறியில் தன் ஊரின் பெயரைத் தட்டி, அதற்கென்று ஒரு பக்கம் இருப்பதைக் கண்டு மகிழ்ந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதன்பின் தென்காசி, கள்ளக்குறிச்சி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை என மாவட்டங்களே புதிதாகப் பிறந்துவிட்டன. கைக்குழாய்க் கணக்கு மட்டும் 2015-இலேயே நிற்கிறது. ஆண்டு குறிப்பிடப்பட்டிருந்தாலும், அந்த வரியைத் தாண்டி அட்டவணைக்குத் தாவும் கண்ணுக்கு அது இன்றைய நிலவரமாகவே தெரியும்.

இதில் எனக்கு உறுத்துவது பழைய எண்களைவிடப் பெரிய ஒன்று. இந்தப் பக்கங்கள் உள்ளே வரும்போது ஒன்றுக்கும் 'குறிப்பிடத்தக்கமை' கேட்கப்படவில்லை. அரசு எண்ணி வைத்திருக்கிறது என்பதே போதுமான தகுதியாக இருந்தது. அதே ஊரில் நாற்பது ஆண்டுகள் தெருக்கூத்து ஆடி, மூன்று தலைமுறைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் பற்றி ஒருவர் எழுத வந்தால், அவர் கையில் என்ன இருக்கும்? திருவிழா நோட்டீசு, ஏதோ ஒரு சங்கத்தின் நினைவு மலர், சிற்றிதழில் வந்த நேர்காணல், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் நான்கு பக்கம். இவற்றில் எதுவும் இணையத்தில் சுட்டியாகக் கிடைக்காது. கட்டுரையின் தலையில் நீக்கல் வார்ப்புரு, அதாவது நீக்கப்படலாம் என்ற அறிவிப்புப் பெட்டி, ஏறிவிடும். புதிதாக வந்தவர் அதைப் படித்துவிட்டு, யாரிடம் எங்கே பதில் சொல்வது என்று தெரியாமலே போய்விடுவார். அரசு எண்ணியது தானாக உள்ளே வருகிறது, எண்ணாமல் விட்டது வாசலில் நின்று மன்றாட வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஏற்பாட்டை நடுநிலை என்று எப்படி அழைப்பது?

இது தமிழுக்கு மட்டும் உரிய குறை அன்று. இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாந்துக்கு 2018-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குக் கட்டுரை இருக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதி அனுப்பிய வரைவு, சான்றுகள் போதவில்லை என்று திருப்பப்பட்டிருந்தது. அச்சில் யார் அதிகம் பேசப்பட்டார்களோ அவர்களே களஞ்சியத்திலும் அதிகம் இடம்பெறுவார்கள் என்பது அந்த விதியின் இயல்பான விளைவு. பெண்களும், ஒடுக்கப்பட்டோரும், மலையகத் தோட்டத் தொழிலாளரும் அச்சில் எவ்வளவு இடம் பெற்றார்கள் என்பது நாம் அறிந்ததே. ஈழத்தைப் பொறுத்தவரை இன்னொரு துயரமும் சேர்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. சான்றே கொளுத்தப்பட்ட ஒரு சமூகத்திடம் அச்சுச் சான்று கேட்கும்போது சற்றுத் தயங்கிக் கேட்பது அறம். 2005 முதல் நூலகம் திட்டத்தினர் மீதமிருப்பவற்றைத் தேடித் தேடி எண்ணிமமாக்கி வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சங்க மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் நினைவு மலர்களும் அங்கே குவிந்து கிடக்கின்றன. அவற்றை எந்தெந்தச் செய்திக்குச் சான்றாக ஏற்கலாம், எதற்கு ஏற்கக் கூடாது என்று பங்களிப்பாளர்களின் பொது உரையாடல் பக்கமான 'ஆலமரத்தடி'யில் ஒருமுறை விரிவாகப் பேசி முடிவெடுத்து எழுதி வைத்தால், ஒவ்வொரு கட்டுரையிலும் புதிதாக வழக்காட வேண்டிய தேவை இராது. ஒருவர் எந்த ஊரில் பிறந்தார், எந்தக் குழுவில் ஆடினார் என்பதற்கு நினைவு மலர் போதும். அவர்தான் அந்தக் கலையைக் காப்பாற்றியவர் என்பதற்குப் போதாது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்றவற்றில் நடந்த கள ஆய்வுகளும் இந்த இடைவெளியை நிரப்பக் கூடியவை. 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிச் சான்றுகளை ஒலிப்பதிவாக்கி மேற்கோளாகத் தரும் சோதனை முயற்சி ஒன்று மலையாளம், இந்தி, செபெடி மொழிகளில் நடந்தது. அதன் முறையில் குறைகள் இருக்கலாம். எனினும் தமிழில் அதைப் போல ஒன்றைப் பேசியாவது பார்க்கலாம்.

சான்றின் வகையில் நெகிழ்வு கேட்கும் நான், சான்று வேண்டும் என்பதில் நெகிழ்வு கேட்கவில்லை. சாதிக் கட்டுரைகளில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் 'வரலாறு' பக்கத்தைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு நாள் ஒரு பட்டப்பெயர் சேரும். மறுநாள் ஒரு குறுநில மன்னர் சேருவார். அடுத்த வாரம் ஒரு பேரரசே அந்தச் சாதிக்கு உரியதாகிவிடும். எதிர்த்தரப்பு வந்து அதே மன்னரைத் தன் பக்கத்துக்குக் கொண்டுபோகும். மேற்கோள் கேட்டால் கல்வெட்டில் வரும் ஒரு சொல்லைத் தன் விருப்பப்படி பொருள்கொண்டு காட்டுவார்கள், இல்லையென்றால் 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளைக் காட்டுவார்கள். காலனிய ஆட்சியாளர்கள் எழுதிய இவ்வகை இனவரைவு நூல்களைச் சாதிக் கட்டுரைகளுக்குச் சான்றாக ஏற்பதில்லை என்ற நடைமுறை ஆங்கில விக்கிப்பீடியாவில் நிலைபெற்றுவிட்டது. சாதி தொடர்பான தொகுப்புகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் அங்கே உண்டு. தமிழில்தான் இந்தக் கட்டுரைகளை அதிகம் பேர் படிக்கிறார்கள், பகிர்கிறார்கள், மேடையில் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆகவே கண்டிப்பு இங்கேதான் இரட்டிப்பாக இருக்க வேண்டும்: சான்றற்ற வரியை வார்ப்புரு இட்டுக் காத்திருக்காமல் அன்றே நீக்குவதும், நீக்கிய காரணத்தைக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதுவதும், மறுபடி மறுபடி வந்து சேர்ப்பவரைத் தடுப்பதும் தயவு தாட்சண்யம் இல்லாமல் நடக்க வேண்டும்.

வாழும் மனிதர்கள் பற்றிய கட்டுரைகளுக்கும் இதுவே பொருந்தும். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சான்றில்லாமல் ஒருவர் சேர்த்த பிறந்த ஆண்டை ஒரு நாளிதழின் பிறந்தநாள் குறிப்பு அப்படியே எடுத்துப் போடும். சில மாதம் கழித்து அந்த நாளிதழே அதற்கு மேற்கோளாகக் கட்டுரையில் ஏறிவிடும். தன் நிழலையே சாட்சிக்கு அழைக்கும் இந்த வித்தை இப்போது இன்னும் வேகம் பெற்றிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விக்கிப்பீடியாவைப் படித்தே விடை சொல்கின்றன, அந்த விடையைப் படித்தவர் திரும்ப வந்து கட்டுரை எழுதுகிறார். மேற்கோளாகத் தரப்படும் செய்தி, கட்டுரையில் அந்தத் தகவல் சேர்ந்த நாளுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று பார்க்கும் பழக்கத்தை, புதிய மாற்றங்களைக் கண்காணித்துச் சுற்றுக்காவல் செய்பவர்கள் வழக்கமாக்கிக் கொண்டால் இதில் பாதி ஒழியும்.

இதற்கெல்லாம் மாற்று, ஆசிரியர் குழு பொறுப்பேற்கும் களஞ்சியமே என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வழிக்கும் தமிழில் பெருமைக்குரிய மரபு இருக்கிறது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை இன்று புரட்டினாலும் மலைப்புத் தட்டும். 2022-இல் எழுத்தாளர் ஜெயமோகனின் முன்னெடுப்பில் தொடங்கிய தமிழ் விக்கியும் ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பின்னரே பதிவுகளை ஏற்கும் முறையைத் தேர்ந்துகொண்டது. அந்தப் பணிகளை நான் மதிக்கிறேன். ஆயினும் தூரனின் தொகுதியில் ஒரு பிழையைக் கண்டால் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பதைத் தவிர வாசகனுக்கு வேறு வழியில்லை. உங்கள் தளத்தில் யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது வரை எவரும் பார்க்கலாம். திறந்த தொகுப்பின் உண்மையான காப்பு அந்த 'வரலாறு' பக்கம்தான். அதைத் திறந்து பார்க்க நம் பள்ளி, கல்லூரிகளில் ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது ஆசிரியர்களாகிய எங்கள் தரப்புக் குறை.

ஆகவே, குறிப்பிடத்தக்கமை போதவில்லை என்று கருதும் கட்டுரையை நீக்குவதற்கு முன், எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் எந்த வகைச் சான்று கிடைத்தால் அது நிலைக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். நீக்கத்தான் வேண்டும் என்றால் அவர் வரைவு எழுதிப் பழகும் இடமான மணல்தொட்டிக்கு மாற்றிக் கொடுங்கள், அவர் உழைப்பாவது மிஞ்சும். தானியங்கி ஏற்றிய பக்கங்களில் தரவின் ஆண்டை அட்டவணையின் தலைப்பிலேயே காட்டுங்கள். சாதிக் கட்டுரைகளுக்கும் வாழும் மனிதர் கட்டுரைகளுக்கும் தனி விதிப் பக்கம் ஒன்றை முன்மொழிந்து, வாக்கெடுப்புக்கு முன் போதிய நாள் வாசகர்களின் கருத்தையும் கேளுங்கள். ஊர் வரலாறு தொகுப்பவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், நூலகர்களும் அந்த உரையாடலுக்கு வருவார்கள். சரிபார்க்க ஆள் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், என் மாவட்டத்து ஊராட்சிப் பக்கங்களிலிருந்து நான் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
தமிழ் விக்கிப்பீடியாவின் நெடுநாள் வாசகர்